என் டப்பாவில் இருந்த பல்

செப்டம்பர் 3, புதன்

கோரைப்பல்லுக்கு ஏழு. பத்துக்கு ஏழு. போன வாரமும் ஏழு, அதற்கு முந்தின வாரமும் ஏழு. என் கைக்கு இவ்வளவுதான் என்று, செதுக்கச் சொல்லித்தரும் ‘மெழுகு மேடம்’ முடிவு கட்டிவிட்டார் போலிருக்கிறது.

பல் மருத்துவப் படிப்பில் மூன்றாம் வருடம் வரைக்கும் நோயாளியின் வாய் கிடையாது. காலையில் மெழுகுக் கட்டையைச் செதுக்கிப் பல்லாக்க வேண்டும். மதியம், கம்பியில் மாட்டிய பொம்மைத் தலைக்குள் பிளாஸ்டிக் பல்லைக் குடைய வேண்டும். பொம்மைத் தலை வலிக்குது என்று சொல்லாது. அதனிடம் இருக்கிற ஒரே நல்ல குணம் அதுதான்.

பெஞ்சில் இடம் மாற்றிவிட்டார்கள். என் பக்கத்தில் இப்போது அறுபத்தொன்றாம் எண். இதே வருடத்தில் இரண்டு தடவை தங்கிப்போனவள், என்னைவிட மூன்று வயது பெரியவள். நேரில் எல்லாரும் ‘அக்கா’ என்பார்கள், தலை மறைந்தால் ‘ரிப்பீட்டு’. நானும் அப்படித்தான். அவள் வேலை செய்யும்போது பேசுவதே இல்லை. என் கையையே பார்க்கிறாள். எனக்குப் பிடிக்கவில்லை.

செப்டம்பர் 10, புதன்

ஒன்பது!

செவ்வாய்க்கிழமை ஒரு மணிக்குள், செதுக்கிய பல்லை எண் ஒட்டிய டப்பாவில் போட்டு ஜன்னலோரத் தட்டில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போவோம். மதியம் மேடம் மார்க் போடுவார். மறுநாள் காலை மார்க் சீட்டோடு டப்பா திரும்பி வரும். இன்று பதினான்காம் எண் டப்பாவில் ஒன்பது என்று சிவப்பு மையில் இருந்தது. இரண்டு தடவை டப்பாவைத் திருப்பி எண்ணைப் பார்த்தேன். என்னுடையதுதான்.

சித்தியிடம் காட்டினேன். நான் தங்கிப் படிப்பது சித்தி வீட்டில். சித்திக்கு ஒரு பெரிய கடையில் கேமரா பார்க்கிற வேலை. நாள் முழுக்க எட்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்து யார் எதைப் பைக்குள் போடுகிறார்கள் என்று பார்ப்பாள். சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிற ஆள் எங்கள் குடும்பத்தில் அவள் ஒருத்திதான்.

“நீயா செஞ்சே?” என்றாள் சித்தி. பல்லைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

“வேற யாரு செய்வா?”

செப்டம்பர் 11, வியாழன்

நான்தானா செய்தேன்?

அந்தப் பல்லை மேசை மேல் வைத்து இன்று அரை மணி நேரம் பார்த்தேன். நடுப்பள்ளம் ஒரே ஓட்டத்தில் போகிறது. நான் பள்ளம் எடுத்தால் இரண்டு இடத்திலாவது கத்தி தயங்கி நிற்கும், அங்கே மெழுகு சிலும்பி நிற்கும். இதில் ஒரு சிலும்பல்கூட இல்லை. ஈரப் பஞ்சால் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி மெருகேற்றியிருக்கிறது. பஞ்சால் தேய்த்ததாக எனக்கு நினைவே இல்லை.

அன்றைக்கு என் கை நன்றாக ஓடியிருக்கும். ஓடக் கூடாதா?

செப்டம்பர் 16, செவ்வாய்

இன்றைக்குக் கீழ்த்தாடைக் கடைவாய்ப் பல். டப்பாவில் போடும் முன், அடிப்பக்கத்தில் ஊசியால் ஒரு கீறல் போட்டேன். எனக்கு மட்டும் தெரிகிற அளவு, நகத்தால் தடவினால் தட்டுப்படும். யாரும் பார்க்கவில்லை. ரிப்பீட்டு பார்த்தாளா? தலை குனிந்துதான் இருந்தாள். தலை குனிந்திருப்பவர்களுக்கும் கண் இருக்கும்.

செப்டம்பர் 17, புதன்

ஒன்பது. கீறல் இல்லை.

கழிவறையில் கதவைச் சாத்திக்கொண்டு நகத்தால் தடவித் தடவிப் பார்த்தேன். இல்லவே இல்லை. இது என் பல் இல்லை. என் பல் எங்க போச்சு? யாருடா இது? எதுக்கு எனக்கு இவ்வளவு நல்ல பல்லைக் கொண்டுவந்து வைக்கணும்? திருடன் வீட்டுக்குள்ள வந்து எதையும் எடுக்காம நகையை வச்சுட்டுப் போற மாதிரி இருக்கு. பயமா இருக்கு.

செப்டம்பர் 18, வியாழன்

பயம் எதனால் என்று இப்போது புரிகிறது. போன மாதம்தான் ஒரு மாணவன், வெளியில் ஆள் வைத்துச் செதுக்கிய பல்லைக் கொடுத்து மாட்டிக்கொண்டான். ஒரு வருடம் வெளியே. அதே குழியை யாரோ எனக்கும் வெட்டுகிறார்கள். இரண்டு மூன்று ஒன்பது வாங்கட்டும், அப்புறம் ‘இது இவள் கை இல்லை’ என்று மேடம் காதில் போட்டுவிடலாம். மேடம் தன் எதிரே ஒரு பல் செதுக்கச் சொல்வார். நான் செதுக்குவேன். ஏழு வரும். கதை முடிந்தது.

யார்? முதல் பெஞ்சில் எப்போதும் ஒன்பது வாங்குகிறவளா? ரிப்பீட்டா? சாவிக்கொத்தை இடுப்பில் மாட்டிக்கொண்டு திரியும் லேப் அண்ணனா?

சித்தியிடம் பொத்தாம்பொதுவாகக் கேட்டேன். “எங்க கடையில சிரிச்சுப் பேசறவங்களைத்தான் முதல்ல கவனிப்போம்” என்றாள்.

லேப் அண்ணன் எல்லாரிடமும் சிரித்துப் பேசுவார்.

செப்டம்பர் 23, செவ்வாய்

இன்றைக்கு மறுபடி கீறல் போட்டு வைத்தேன். சாப்பிடப் போகவில்லை. நடைபாதைத் தூணுக்குப் பின்னால் நின்றேன். ஒன்று பத்துக்கு லேப் அண்ணன் வெளியே வந்தார், இரண்டு பக்கமும் பார்த்தார், மேல்சட்டைக்குள் எதையோ அமுக்கிக்கொண்டு மாவுக்கட்டு அறைப் பக்கம் போனார். பின்னாலேயே போனேன். கதவிடுக்கு வழியாகப் பார்த்தால், சட்டைக்குள்ளிருந்து ஒரு சின்னத் தலையணையை எடுத்து ஜிப்சம் மூட்டை மேல் போட்டார், படுத்தார், இரண்டே நிமிடத்தில் குறட்டை.

சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. திரும்பி ஓடி வந்தேன். டப்பாக்கள் வரிசையாக இருந்தன. லேபில் யாரும் இல்லை. ஆனால் ஜன்னல் பக்கத்து நாற்காலி ஒன்று, நான் போகும்போது இருந்த இடத்தில் இல்லை.

செப்டம்பர் 24, புதன்

ஒன்பது. கீறல் இல்லை.

செப்டம்பர் 25, வியாழன்

மேடத்திடம் போனேன். அடுத்தவர்கள் சொல்வதற்கு முன் நாமே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. தன் அறையில் வருகைப் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மேடம், என் டப்பாவை யாரோ தொடறாங்க.”

தலையைக்கூடத் தூக்கவில்லை. “அறுபத்தொண்ணு தானே?”

நான் யார் பெயரையும் சொல்லவில்லை. யார் எண்ணையும் சொல்லவில்லை.

“எனக்குத் தெரியலை மேடம்...”

“உனக்குத் தெரியலைன்னா எனக்குத் தெரியாதா? தானும் செய்ய மாட்டா, செய்யறவங்களையும் விட மாட்டா. பல்லை ஒடைச்சிருக்காளா?”

ஒடைக்கலை மேடம், என்னுதைவிட நல்லா இருக்கு மேடம்—இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “ஏதோ மாறியிருக்கு” என்றேன். அவ்வளவுதான். அது பொய் இல்லை. பொய் இல்லைதானே?

“நான் பாத்துக்கறேன், நீ போம்மா.”

செப்டம்பர் 26, வெள்ளி

பக்கத்து இடம் காலி. விசாரணை முடியும்வரை அவள் லேபுக்குள் வரக் கூடாதாம்.

செப்டம்பர் 29, திங்கள்

லேப் அண்ணன் வந்தார். “அந்தப் பொண்ணோட ட்ராயரைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்கம்மா. பக்கத்து சீட்டு நீங்கதானே? எல்லாத்தையும் ஒரு பையில போட்டு வச்சிடுங்க, வந்தா குடுத்துடறேன்.”

செதுக்கும் கத்திகள் துணியில் சுற்றி, அளவுப்படி அடுக்கி. ஸ்பிரிட் விளக்கு. துடைத்து வைத்த கண்ணாடிப் பலகை. அதற்கடியில் மூன்று மெழுகுப் பல். ஒவ்வொன்றோடும் அறுபத்தொன்று என்று எழுதிய மார்க் சீட்டு, ரப்பர் பாண்டு போட்டு. நாலு. நாலு. நாலு.

ஒன்றைத் திருப்பினேன். நகம் தட்டியது. இன்னொன்று. அதிலும் தட்டியது. மூன்றாவதில் கீறல் இல்லை. ஆனால் நடுப்பள்ளத்தில் இரண்டு இடத்தில் சிலும்பல்.

என் பல் மூன்றும் என் கையில். என் எண்ணில் வைத்தால் ஏழு வாங்குகிற பல். அவள் எண்ணில் வைத்ததும் நாலு.

எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. அப்படியானால் என் டப்பாவில் வந்து உட்கார்ந்த ஒன்பதெல்லாம்?

செப்டம்பர் 30, செவ்வாய்

விளக்கக் கடிதம் கொடுக்க வந்திருந்தாள். அலுவலக மாடிப்படியில் பிடித்தேன். பையைக் கொடுத்தேன். பையைத் திறந்து பார்த்ததும் மூன்று பல்லையும் நான் பார்த்துவிட்டேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“எதுக்கு இப்படிச் செஞ்சீங்க?” என்றேன். “என்னை மாட்டி விடவா?”

“உன்னை மாட்டி விட்டு எனக்கு என்ன கிடைக்கும்?” படியில் உட்கார்ந்தாள். “ரெண்டு வருஷமா நாலு. ராத்திரி பகலா உக்காந்து செஞ்சாலும் நாலு, அரைத் தூக்கத்துல செஞ்சாலும் நாலு. முதல் வருஷம் நிஜமாவே எனக்கு வரல. கை நடுங்கும். அப்புறம் வந்துச்சு. வந்த மாதிரி எனக்குத் தோணுச்சு. ஆனா மார்க் வரல. என் கை மோசமா, என் நம்பர் மோசமான்னு எனக்குத் தெரிஞ்சாகணும். கைதான் மோசம்னா படிப்பை விட்டுட்டு வேற வேலை பாக்கலாம்னு இருந்தேன்.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா ஒன்பதை விட்டுக் குடுத்திருப்பியா?”

நானும் ஒரு படி கீழே உட்கார்ந்தேன்.

“இன்னும் ஒரு தடவை பாத்துட்டு, அப்புறம் சீட்டெல்லாம் எடுத்துக்கிட்டுத் துறைத் தலைவர்கிட்ட போலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நீ முந்திட்டே.” எழுந்து, புடவை மடிப்பைத் தட்டிவிட்டுக்கொண்டாள். “பரவால்ல. உன் பொருளைத் தொட்டது என் தப்புதான். உன் பல்லுக்கு நாலு வந்ததைப் பாத்தப்ப எனக்கே கஷ்டமாத்தான் இருந்துச்சு. நல்லாத்தான் செதுக்கியிருந்தே.”

நல்லாத்தான் செதுக்கியிருந்தே. இதை ஏன் சொன்னாள்? என்னைக் கரைக்கவா? பல் மூன்றையும் சீட்டுகளையும் மட்டும் எடுத்து என்னிடமே திருப்பித் தந்துவிட்டாள். “நீயே வச்சுக்கோ. என்கிட்ட இருந்தா நானே செஞ்சதுன்னு சொல்லுவாங்க” என்றாள்.

அக்டோபர் 1, புதன்

யாரிடமும் சொல்லவில்லை.

அக்டோபர் 3, வெள்ளி

இன்றும் சொல்லவில்லை.

இத்தனை நாள் லேபில் இருக்கிற எல்லாரையும் ஒவ்வொருத்தராகச் சந்தேகப்பட்டாயிற்று. மிச்சம் இருப்பது நான். கீறல் இல்லை என்று பதினேழாம் தேதியே தெரியும். இருபத்தைந்தாம் தேதிவரை ஏன் வாயைத் திறக்கவில்லை? பயம் என்று எழுதி வைத்திருக்கிறேன். பயம் மட்டும்தானா? முதல் ஒன்பதை ஊருக்குப் போன் போட்டு அப்பாவிடம் சொன்னவள் யார்? இரண்டாவதையும் சொன்னேனே, கீறல் இல்லை என்று தெரிந்த பிறகும்!

மேடம் “அறுபத்தொண்ணு தானே” என்றபோது, இல்லை மேடம் என்று ஒரு வார்த்தை. அது கூட வரல எனக்கு. அவங்க தப்பா நினைச்சாங்க, நான் நினைக்க விட்டேன்.

சித்தியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “அந்தப் பொண்ணு சொல்றது நிஜம்னு எப்படி நம்பறே? உன்னை வச்சே மார்க் வாங்கப் பாக்கறாளோ என்னவோ” என்றாள்.

“மெழுகு பொய் சொல்லாது சித்தி.”

“அப்ப என்கிட்ட எதுக்குக் கேக்கறே?”

சரிதான். எதற்குக் கேட்டேன்? ‘சும்மா இரு’ என்று யாராவது சொல்ல வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

அக்டோபர் 6, திங்கள்

துறைத் தலைவரிடம் போனேன். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘வெர்னியர்’. எதை எடுத்தாலும் கோட்டுப் பையிலிருந்து வெர்னியர் அளவுகோலை உருவி அளந்துவிட்டுத்தான் பேசுவார். ஆறு பல்லையும் மேசையில் வைத்தேன். என்னுடையது மூன்று, அவளுடையது மூன்று. சீட்டுகளையும் வைத்தேன். முதலிலிருந்து சொன்னேன். எட்டு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்ததையும் சொன்னேன்.

அவர் நம்பவில்லை. என்னைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது. “உங்க ரெண்டு பேருக்குள்ள என்ன ஏற்பாடு?” என்றார்.

“ஏற்பாடு எதுவும் இல்லை சார். அவங்க என்கூடப் பேசறதே இல்லை.”

“மேடம் மேல புகாரா இது?”

“எனக்குத் தெரியலை சார். மார்க்கைப் பாருங்க, அது போதும்.”

பல்லை ஒவ்வொன்றாக எடுத்து அளந்தார். அளந்துகொண்டே போனார். நான் போகலாமா என்று கேட்கும்வரை நிமிரவே இல்லை.

அக்டோபர் 8, புதன்

வெர்னியர் ஆறு பல்லோடு மற்றவர்களுடைய பத்துப் பல்லையும் கலந்து, எண்களை எடுத்துவிட்டு, எழுத்து ஒட்டிய புது டப்பாக்களில் போட்டாராம். மெழுகு மேடத்தையும் வேறொரு ஆசிரியரையும் தனித்தனி அறையில் உட்கார வைத்து, “ஒரு சின்னப் பயிற்சி, மார்க் போட்டுக் குடுங்க” என்றாராம். எதற்கு என்று சொல்லவில்லை.

மதியம் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். மேடமும் இருந்தார். வெர்னியர் ஒரு தாளைப் படித்தார். அறுபத்தொன்றின் பல் மூன்றுக்கும் மேடம் போட்டிருந்தது ஒன்பது, எட்டு, ஒன்பது. என்னுடையதுக்கு ஏழு, ஆறு, ஏழு. அடுத்த ஆசிரியர் போட்டதும் ஏறக்குறைய அதேதான்.

மேடம் தாளைக் கையில் வாங்கிப் பார்த்தார். பழைய சீட்டுகளையும் வாங்கி, பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கையெழுத்து இரண்டும் அவருடையதுதான். “நான் வேணும்னு செய்யலை சார்” என்றார். அதை அவளைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் நான் எதிர்பார்த்த கோபம் அந்த முகத்தில் இல்லை. தெரிந்த தெருவில் நடந்துகொண்டே இருந்தவர் திடீரென்று வழி தவறிவிட்ட மாதிரி இருந்தார். இவரும் நடிக்கிறாரோ என்று ஒரு கணம் பார்த்தேன். இல்லை.

அவள் அழவில்லை. “அப்ப கை சரியாத்தான் இருக்கு” என்றாள், யாரிடமும் இல்லாமல்.

அக்டோபர் 9, வியாழன்

முடிவு அறிவிப்புப் பலகையில். பல்லை மாற்றி வைத்தது தவறு, அவளுடைய மூன்று பயிற்சியும் செல்லாது, கண்காணிப்பில் மறுபடி செதுக்க வேண்டும். தெரிந்தும் மறைத்தது தவறு, என்னுடைய மூன்றும் செல்லாது, நானும் மறுபடி செதுக்க வேண்டும். தடை நீக்கம். இனிமேல் டப்பாவில் எண் கிடையாது, எண் எழுதிய சீட்டை மடித்து ஒட்டி உள்ளே போட வேண்டும், மார்க் போட்ட பிறகுதான் பிரிக்கலாம்.

அப்பாவிடம் போனில் சொன்னேன். இரண்டு ஒன்பதும் என்னுடையது இல்லை என்று. “சாப்பிட்டியா?” என்றார்.

அக்டோபர் 28, செவ்வாய்

அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். பேசுவதில்லை. ‘விளக்கைத் தள்ளி வை’ என்பதைக்கூடக் கையால் காட்டுகிறாள். அந்த இரண்டு வாரத்தில், லேபுக்குள் வர முடியாமல், வீட்டில் என்ன சொல்லிச் சமாளித்தாள் என்று தெரியவில்லை. கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

இன்று மேடம் எங்கள் பெஞ்சுக்கு வந்து அவளுக்குப் பின்னால் ரொம்ப நேரம் நின்றார். மறுபடி ஏதோ சொல்லப் போகிறார் என்று என் கை நின்றுவிட்டது. மேடம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “அந்தப் பள்ளத்தை ஒரே இழுப்புல எப்படி எடுக்கறே? மெதுவாக் காட்டு” என்றார்.

அவள் காட்டினாள். நானும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டேன்.

நவம்பர் 26, புதன்

செய்முறைத் தேர்வு முடிவு. அவள் தேறிவிட்டாள், வகுப்பிலேயே மூன்றாவது. எனக்கு ஏழு. நானாக வாங்கிய ஏழு. யாரோ முதுகில் தட்டினார்கள், திரும்புவதற்குள் போய்விட்டார்கள். அவளாக இருக்காது.

டிசம்பர் 16, செவ்வாய்

இன்றுதான் முதல் தடவையாக உயிருள்ள வாய். ஒருவர் வாயை ஒருவர் அச்சு எடுக்க வேண்டும். “ஜோடி சேர்ந்துக்கோங்க” என்றார் மேடம். எல்லாரும் தோழிகளை நோக்கிப் போனார்கள். நான் கிண்ணத்தைக் கழுவுகிற மாதிரி குழாயடியில் நின்றேன்.

“வர்றியா, இல்ல தண்ணி முழுக்கத் தீத்துடுவியா?”

அவள்தான். என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டிருந்தாள், கழுத்தில் துண்டு கட்டிக்கொண்டு.

“நான் முதல்லயா? எனக்கு அச்சு மாவு கலக்கவே சரியா வராது அக்கா. தொண்டைக்குள்ள போயிடுச்சுன்னா? முதல்ல நீங்க எனக்கு எடுங்க.”

“நீ முதல்ல எடு.”

முதல் கலவை கட்டி தட்டிவிட்டது, கீழே போட்டேன். இரண்டாவது கொஞ்சம் தளர்த்தி. கரண்டி கிண்ணத்தில் இடித்துக்கொண்டே இருந்தது. மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எதற்கு என்னைக் கூப்பிட்டாள்? மாட்டி விடவா, மன்னிக்கவா, வேறு ஜோடி கிடைக்காமலா? அவள் முகத்தில் தேடிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

“கெட்டியாகிடும், சீக்கிரம்” என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடி வாயைத் திறந்தாள்.

கலவையை ட்ரேயில் நிரப்பி அவள் வாய்க்குள் வைத்தேன். அழுத்தினேன். விரலுக்கடியில் அவள் மூச்சு மூக்கு வழியாகச் சூடாக வந்துபோனது. மூன்று நிமிடம். அவளால் பேச முடியாது, நான்தான் பேச வேண்டும். “அசையாதீங்க” என்றேன். கொஞ்சம் கழித்து, “மன்னிச்சிடுங்க” என்றேன். அவள் அசையவில்லை.

எடுத்தபோது ஒரே வீச்சில் வந்தது. எங்கும் கிழியவில்லை. அவள் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, அச்சை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“நல்லா வந்திருக்கு. உக்காரு, அடுத்து நீ.”

உட்கார்ந்தேன்.